ஜெர்மன் தலை

நெவேனா தன் தலையை மாற்றிக்கொண்ட கதை எங்கள் துறைமுகம் முழுக்கத் தெரியும். அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. கண் விஷயம்தான் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது, ஒரு மனிதரின் கால் நசுங்கும்வரை.

முதலில் தலையைச் சொல்லிவிடுகிறேன். பல்கேரியர்கள் நாங்கள் ஆமாம் என்பதற்குத் தலையை இடமும் வலமும் ஆட்டுவோம். இல்லை என்றால் மேலே ஒரு வெட்டு வெட்டிக் கீழே இறக்குவோம். மற்ற தேசத்தாருக்கு இது அப்படியே தலைகீழ். தமிழர்களிடம் சொன்னால் மட்டும் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். அவர்கள் தலை எந்தப் பக்கம் ஆடினாலும் ஆமாம்தானே.

டான்யூப் கரையில் எங்கள் துறை சின்னது. எதிரே ருமேனியக் கரையில் யாராவது துணி உலர்த்தினால் இங்கிருந்து நிறம் சொல்லலாம். கிரேன்கள் மூன்று, அதில் இரண்டு துருப்பிடித்து நிற்கின்றன. மூன்றாவதில் நெவேனா. கல்யாணத்துக்கு முன்பே அந்த ஏணியில் ஏறியவள், நாற்பதைத் தாண்டியும் இறங்கவில்லை. அவள் இறக்கும் சரக்கு மண்ணைத் தொடும்போது சத்தம் வராது என்பார்கள். பெருமைதான். ஆனாலும் ஆற்றுப் படகுகளையே எத்தனை காலம் காலி செய்துகொண்டிருப்பது? கடல் பார்க்க வேண்டும், மலை மாதிரி வந்து நிற்கிற கப்பலை ஒரு தடவையாவது தன் கையால் காலி செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. ஹாம்பர்க் துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் வேலை முடிந்து ஜெர்மன் வகுப்புக்கு ஓட ஆரம்பித்தாள்.

வகுப்பு டீச்சர் பொல்லாதவள். "வாயால 'யா'ன்னு சொல்லிக்கிட்டே தலையைப் பக்கவாட்டுல ஆட்டுனீங்கன்னா ஹாம்பர்க்காரன் இல்லைன்னு எடுத்துக்குவான். சரக்கு கடலுக்குள்ள போகும். முதல்ல தலையை மாத்துங்க, அப்புறம் இலக்கணம் பாத்துக்கலாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நெவேனா கண்ணாடி முன் நின்று பழகினாள். ரொட்டிக் கடையில், பேருந்தில், எங்கே பார்த்தாலும் மேலும் கீழும் ஆட்டினாள். கடைக்காரி வேண்டாம் என்கிறாள் என்று நினைத்து, எடுத்ததைத் திரும்ப உள்ளே வைத்துவிடுவாள். துறைமுகத்தில் அதற்கு 'ஜெர்மன் தலை' என்று பெயர் வைத்தார்கள்.

"என்ன நெவே, கழுத்துல சுளுக்கா?" என்பார் ஸ்தோயில்.

"பழகுறேன், கூமே."

"ஹாம்பர்க்காரன் சம்பளம் குடுக்கப்போறது உன் கைக்கா, தலைக்கா? தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடிக்கிட்டு."

ஸ்தோயில்தான் கீழே நின்று கொக்கி மாட்டுகிறவர், சரக்கைக் கையால் பிடித்து இடம் பார்த்து இறக்குகிறவர். அதைவிட முக்கியம், அவர் நெவேனாவின் கூம். கல்யாணத்தில் பக்கத்தில் நின்று, தலையில் கிரீடம் மாற்றி, இந்தக் குடும்பத்துக்கு நான் பொறுப்பு என்று கடவுள் முன்னால் ஏற்றுக்கொள்கிறவரைக் கூம் என்போம். பெற்ற அப்பன் பேச்சைத் தட்டினாலும் தட்டலாம், கூம் பேச்சைத் தட்டக் கூடாது. நெவேனாவின் கணவன் ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பத்தையும் பறித்துக்கொண்டான். கணவன் போனான், கூம் மிஞ்சினார். ஸ்தோயிலும் அவர் மனைவி வெலிகாவும் அவளை ஒரு பண்டிகைக்கும் தனியாக விட்டதில்லை.

வேலையிலும் அவர்கள் இருவருக்கும் தனி பாஷை. விதிப்படி கையால் சைகை காட்ட வேண்டும், அல்லது வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். இரண்டு கையாலும் சரக்கைப் பிடித்திருக்கும்போது மூன்றாவது கைக்கு எங்கே போவது? வாக்கி டாக்கியில் ஆற்றுக் காற்றின் இரைச்சல்தான் கேட்கும். ஸ்தோயில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட தலையால் பேசுவார். பக்கவாட்டில் ஆட்டினால் இறக்கு. மேலே வெட்டினால் நிறுத்து. நெவேனா தன் காலடிக் கண்ணாடி வழியாக அந்த மஞ்சள் பொட்டையே பார்த்துக்கொண்டு சரக்கை இறக்குவாள். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவளுக்கு ஜெர்மன் தலை வந்த பிறகும் விழவில்லை. ஸ்தோயில் தலையைப் படிப்பதில் அவள் ஒருநாளும் குழம்பியதே இல்லை, அதை நான் அடித்துச் சொல்வேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஹாம்பர்க்காரர்கள் உடல் பரிசோதனைக்கு அவளைச் சோபியாவுக்கு அனுப்பினார்கள். ரத்தம், இதயம், காது எல்லாம் கல் மாதிரி. கடைசியில் கண். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும், எங்கே வெளிச்சப் பொட்டு மின்னினாலும் பொத்தானை அமுக்க வேண்டும். அவள் சுறுசுறுப்பாக அமுக்கினாள். முடிந்து நிமிர்ந்தபோது டாக்டரம்மா முகம் சரியில்லை.

"எத்தனை வருஷமா கிரேன் ஓட்டுறீங்க?"

"ஏன் டாக்டர்?"

"கீழ்ப்பக்கம் வந்த பொட்டு ஒண்ணைக்கூட நீங்க அமுக்கலை."

"கீழ்ப்பக்கம் பொட்டே வரலையே."

"வந்துச்சும்மா" என்றாள் டாக்டர் மெதுவாக.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது. இரண்டு கண்ணிலும் பார்வையின் கீழ்ப்பகுதி போய்விட்டது. சொட்டு மருந்து போட்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது. "எனக்கு எல்லாம் முழுசாத்தானே தெரியுது?" என்று நெவேனா சண்டைக்குப் போனாள். மூளை கெட்டிக்காரத் தையல்காரி, ஓட்டை விழுந்த இடத்தில் பக்கத்துத் துணியை எடுத்து ஒட்டுப் போட்டுவிடும், ஓட்டை இருப்பதே தெரியாது என்றாள் டாக்டர்.

"அப்போ ஹாம்பர்க்?"

"கையெழுத்துப் போட மாட்டேன். ஹாம்பர்க் மட்டும் இல்லம்மா, இனிமே எந்தக் கிரேன்லயும் நீங்க ஏறக் கூடாது. உங்க ஊர்ல சொல்ல வேண்டியது நீங்கதான். சொல்லுவீங்கல்ல?"

நெவேனா தலையாட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

ஊர் திரும்பும் பேருந்தில் மலைக்கணவாய் முழுக்கப் பனி. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அவள் தன் வாழ்க்கையை மறுபடி வெட்டித் தைத்துப் பார்த்தாள். சரி, கடல் இல்லை. கப்பல் இல்லை. போகட்டும், தொலையட்டும். இருக்கிற கிரேனாவது இருக்கட்டும். அதுவும் போனால் அவள் யார்? கணவன் இல்லை, பிள்ளை இல்லை, பிடித்த சாமான் என்று வீட்டில் ஒன்று இல்லை. மேலே அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் அவளுக்குத் தன்மேல் மரியாதை வரும். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று முடிவு கட்டினாள். பாவி, யோசிக்க வேண்டியதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் யோசித்தாள்.

"அங்கே எல்லாம் ரூமுக்குள்ள உட்கார்ந்து ஓட்டுற மெஷின் வந்துடுச்சாம், ஆள் வேண்டாமாம்" என்று துறையில் சொல்லிவிட்டாள். எல்லோரும் ஜெர்மன்காரனைத் திட்டினார்கள். ஸ்தோயில் மட்டும் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் அவள் தோளைத் தட்டினார். "நல்லதாப் போச்சு விடு. எனக்கு இன்னொரு ஆளைப் பழக்கி எடுக்குற வயசு இல்ல."

துறைமுகத்தின் வருஷப் பரிசோதனையில் சுவரில் எழுத்து அட்டை மாட்டியிருப்பார்கள். நெவேனா கடைசி வரிவரை கடகடவென்று வாசித்துவிட்டு வந்தாள். நேராகப் பார்ப்பதில் அவளுக்குக் குறையே கிடையாது.

கீழே பார்ப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி தலையைக் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து தரையைத் துழாவுவாள். ஓட்டை வேறிடத்துக்கு நகரும், மஞ்சள் ஹெல்மெட் அகப்படும். கீழே இருந்து பார்த்தவர்களுக்குக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தலை ஓயாமல் மேலும் கீழும் ஆடுவதுதான் தெரிந்தது. "ஹாம்பர்க் கைவிட்டுப் போனாலும் ஜெர்மன் தலை போகலை பாரு" என்று சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஒவ்வொரு சுமை தூக்கும்போதும் உள்ளங்கை வியர்க்கும். ஸ்தோயில் ஹெல்மெட் தெரியும்வரை மூச்சு விட மாட்டாள். தெரிந்ததும், பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முதல் நாள்தான் கஷ்டம், பழகிவிட்டால் சோறு வழக்கம்போல இறங்குகிறது.

பிப்ரவரி கடைசியில் இரும்புத் தகட்டுச் சுருள்களை ஏற்றிப்போக ஒரு படகு வந்தது. ஒவ்வொன்றும் ஒரு காரைவிடக் கனம். ஆற்றில் காற்று. ஸ்தோயில் படகின் வயிற்றுக்குள் இறங்கி நின்றார். கரையிலிருந்து ஏறும் சுருள்களைப் படகில் அடுக்க வேண்டும். அவர் கையால் தள்ளித் திருப்பி உட்காரவைப்பார், அவள் மேலிருந்து இறக்குவாள். காலையிலிருந்து ஒழுங்காகத்தான் போனது.

மதியச் சாப்பாட்டுக்கு முன் கடைசிச் சுருள். நெவேனா குனிந்து துழாவினாள். படகின் தரை தெரிந்தது, அடுக்கிய சுருள்கள் தெரிந்தன, நடுவில் காலியிடம் தெரிந்தது. ஸ்தோயில் ஒதுங்கிவிட்டார், சாப்பிட ஏணிப் பக்கம் போய்விட்டார் என்று நினைத்தாள். இன்னொரு தரம் குனிந்திருக்கலாம். பசி, கழுத்து வலி, காற்று. இறக்கினாள்.

அதே நேரம் ஒரு இழுவைப் படகு ஆற்றில் போக, அலை வந்து சரக்குப் படகு சாய்ந்தது. கரையில் நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். நெவேனா தலையைத் தொங்கப்போட்டாள். காலியாக இருந்த அந்த இடத்தில், ஒட்டுப் போட்ட துணி கிழிந்த மாதிரி, மஞ்சள் ஹெல்மெட் திடீரென்று வந்து நின்றது. சுருளுக்குக் கீழே ஒரு கால்.

எப்படித் தூக்கினாள், எப்படி ஏணி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. ஸ்தோயில் ஆற்றையும், படகையும், படகைப் பெற்றவளையும் வைதுகொண்டு கிடந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அரை அடி இந்தப் பக்கம் நின்றிருந்தால் நெஞ்சு போயிருக்கும்.

"அழாத நெவே" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "கையைக் காட்டியிருக்கணும். என் தப்பு."

அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி இரும்புக் கம்பி வைத்தார்கள். அதற்குள் துறையில் கதை பிறந்துவிட்டது. ஸ்தோயில் மேலே தலையை வெட்டி நிறுத்து என்றாராம். நெவேனா அதை ஜெர்மன் தலையாக எடுத்துக்கொண்டு இறக்கிவிட்டாளாம். யார் முதலில் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. காப்பி மெஷின் பக்கத்தில் யாரோ யோசித்திருக்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான கதை! கேட்டவர்கள் எல்லோரும் "அடடா, அப்படியா" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். நெவேனா ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேசாமல் இருந்தாலே போதும்.

விசாரணை திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை அவள் ஏணியைத் தொடக் கூடாது. தலைமை அலுவலகத்திலிருந்து கலபோவா என்ற பாதுகாப்பு அதிகாரி வருகிறாள், இளகாதவள் என்று பேச்சு. விசாரணைக்கு முந்தின நாள் மன்னிப்பு ஞாயிறு. பெரிய நோன்பு தொடங்குமுன் சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டிய நாள். முதலில் போக வேண்டியது கூம் வீட்டுக்கு.

நெவேனா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனாள். வெலிகா கதவைத் திறந்தாள், முகம் கொடுக்கவில்லை. மேஜையில் அவித்த முட்டையும் வெள்ளை அல்வாவும் இருந்தன. ஸ்தோயில் மாவுக்கட்டுக் காலை நாற்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் குனிந்து அவர் கையை முத்தமிட்டாள்.

"மன்னிச்சிடுங்க, கூமே."

"மன்னிச்சாச்சு. ஆண்டவனும் மன்னிக்கட்டும்."

"இல்ல கூமே, நான் எதுக்குக் கேக்குறேன்னா..."

"ஏய்! இன்னைக்கு எதுக்குன்னு கேக்குற வழக்கமும் இல்ல, சொல்ற வழக்கமும் இல்ல. கேட்டியா, குடுத்தாச்சு. உட்காரு, பனித்சா ஆறுது."

அவள் உட்கார்ந்தாள். உள்ளே ஒரு பாரம் இறங்கியதை அவளால் மறுக்க முடியாது. மன்னித்துவிட்டாரே! எதற்கு என்று தெரியாவிட்டால் என்ன, கூம் வாயால் வந்த மன்னிப்பு மன்னிப்புதானே? மனசு இப்படித்தான், நழுவ ஒரு சந்து கிடைத்தால் போதும்.

"நாளைக்கு நான் பேசிக்கிறேன், நீ வாயைத் திறக்காத" என்றார் ஸ்தோயில். "நான் தலையால சொன்னேன், அவ மாத்திப் புரிஞ்சுக்கிட்டான்னு சொல்லப்போறேன். தலையால சைகை காட்டுறது விதிக்கு விரோதம். தப்பு என்மேல நிக்கும். உனக்கு ஒரு எச்சரிக்கை குடுத்துட்டு விட்டுருவாங்க. செவ்வாக்கிழமை நீ மேலே ஏறிடலாம்."

"உங்களுக்கு?"

வெலிகா தட்டை மேஜையில் தொம்மென்று வைத்தாள். "சொல்லுங்களேன், உங்களுக்கு என்னன்னு சொல்லுங்க. ஒழுங்கு நடவடிக்கைன்னு எழுதி வெளியே தள்ளுவாங்க. இன்னும் கொஞ்ச நாள் போனா மாலை போட்டு, ஓய்வு குடுத்து அனுப்பியிருப்பாங்க. இப்போ குடிகாரனை விரட்டுற மாதிரி விரட்டுவாங்க. காலும் போச்சு, பேரும் போகட்டும்!"

"சும்மா இரு வெலிகா. கால் போனவனுக்குப் பேர் எதுக்கு? அவளுக்கு அந்தக் கூண்டை விட்டா வேற என்ன இருக்கு?"

நெவேனா தட்டைத் தள்ளிவைத்து எழுந்தாள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகாமல் துறைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை, ஆள் நடமாட்டம் இல்லை. கிரேனுக்கு நேர் கீழே, ஸ்தோயில் நிற்கிற மாதிரி நின்று மேலே அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த இடத்தில் நின்றதே இல்லை. கொக்கி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை இங்கே வேறொருவன் நிற்பான். ஸ்தோயில் அளவுக்குக் கால் வேகம் இல்லாதவன். அவளை நம்பி நிற்பான். அப்படியும் ஒன்றும் முடிவு செய்யவில்லை. நாளை அந்த அறைக்குள் போனபிறகு தன் வாயிலிருந்து என்ன வரும் என்று தெரியாமலேதான் வீட்டுக்கு நடந்தாள்.

விசாரணை சாப்பாட்டுக் கூடத்துக்கு மேல்மாடி அறையில். கலபோவா, துறைமுக மேலாளர், டைப் அடிக்க ஒரு பெண். ஸ்தோயிலை இரண்டு பேர் தூக்கிக்கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, நீட்டி முழக்கிச் சொல்லி, தலையை மேலே வெட்டியும் காட்டினார்.

"அப்போ நீங்க பல்கேரியத் தலையால 'இல்லை'ன்னு சொன்னீங்க, அவங்க ஜெர்மன் தலையால 'ஆமா'ன்னு எடுத்துக்கிட்டாங்க" என்றாள் கலபோவா.

"அதேதான் மேடம். இந்தப் பாழாப்போன தலையை அவ மாத்திக்கிட்டது தெரிஞ்சும் நான் கையைத் தூக்கலை. என் தப்பு."

மேலாளருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். கலபோவா நெவேனா பக்கம் திரும்பினாள்.

"உங்ககிட்ட ஒரே கேள்விதான். அவர் தலையை மேலே வெட்டினதை நீங்க பார்த்தீங்களா?"

நெவேனாவின் தலை தானாகவே அசைந்தது. டைப் அடிக்கிற பெண் கையை நிறுத்திவிட்டாள்.

"இதை எப்படி அடிக்கட்டும் மேடம்? ஆமாவா, இல்லையா?"

அறை முழுக்கச் சிரித்தது. கலபோவாகூட. ஸ்தோயில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார், காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில். ஆமா என்று ஒரு சொல் சொன்னால் போதும். சிரித்த முகத்தோடு எல்லோரும் கலைந்துவிடுவார்கள்.

"பார்க்கலை" என்றாள் நெவேனா.

"கவனிக்கலைன்னு சொல்றீங்களா?"

"அவ பயந்துபோயிருக்கா மேடம்" என்று ஸ்தோயில் அவசரமாகக் குறுக்கிட்டார். "பார்த்தா. என்னைப் பார்த்துத்தான் இறக்கினா. எனக்குத் தெரியாதா?"

"கூமே, குறுக்கே பேசாதீங்க."

அவள் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை.

"கவனிக்கலைன்னு இல்ல. எனக்குத் தெரியலை" என்றாள். "எனக்குக் கீழே தெரியாது. கண் போயிடுச்சு, கீழ்ப்பக்கம் மட்டும். அவர் தலையை ஆட்டினாரா, கையை ஆட்டினாரா, அங்கே இருந்தாரா, எனக்குத் தெரியாது. காலியிடம்னு நினைச்சு இறக்கினேன். அவர் வாக்கி டாக்கியில கத்தியிருந்தாலும் இறக்கித்தான் முடிச்சிருப்பேன். ஜெர்மன் தலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கீழே தேடுறதுக்குத்தான் அப்படி ஆட்டிக்கிட்டிருந்தேன்."



"இது உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டாள் கலபோவா.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே. ஹாம்பர்க் போகாததும் அதனாலதான்."

மேலாளர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெவேனா ஸ்தோயிலைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் அவர் மடியிலிருந்து ஹெல்மெட் உருண்டு தரையில் விழுந்ததும், அதை எடுக்க அவர் குனியாததும் அவளுக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சுருக்கம். இனி அவள் கிரேன் ஏறக் கூடாது. ஸ்தோயில்மேல் குற்றம் இல்லை. அவள்மேல் என்ன நடவடிக்கை என்பது பிறகு வரும். கலபோவா பேனாவை மூடிக்கொண்டே, "உங்களுக்கு வேற என்ன வேலை தெரியும்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று தெரியவில்லை.

"எந்தச் சரக்கு எந்தக் காற்றுல எப்படி ஆடும்னு தெரியும். அதை வாயால சொல்லத் தெரியும். கன்ட்ரோல் ரூம்ல வாக்கி டாக்கி முன்னாடி உட்கார வச்சா உட்காருவேன். புதுசா மேல ஏறப்போறவங்களுக்குச் சொல்லிக்கொடுன்னா கொடுப்பேன். வேண்டாம்னா வீட்டுக்குப் போறேன். நான் மறுபடி மேலே ஏற மாட்டேன், நீங்களே ஏறச் சொன்னாலும்."

"அது இன்னைக்கு முடிவு பண்ற விஷயம் இல்ல" என்றாள் கலபோவா. ஆனால் அந்தப் பெண்ணிடம் அதையும் அடிக்கச் சொன்னாள்.

நெவேனா வெளியே வந்தபோது ஸ்தோயில் மாடிப்படியின் மேல்முனையில் ஊன்றுகோலோடு நின்றிருந்தார். தூக்கிவந்தவர்களை விரட்டிவிட்டிருந்தார்.

"ஜனவரியில மரம் இறக்கினோமே" என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல். "அன்னைக்கும் தெரியும் உனக்கு."

"தெரியும்."

"குழாய்க் கட்டு வந்தப்போ? என் தலைக்கு நேர் மேலே வச்சுக்கிட்டுக் காத்திருந்தியே, அன்னைக்கு?"

"தெரியும் கூமே."

"நான் கீழே நின்னுக்கிட்டு மேல இருக்கிறது யாருன்னு யோசிச்சதே இல்ல. மேலே நெவே இருக்கா, பயமில்லைன்னு வெலிகாகிட்ட சொல்லிச் சொல்லி வாழ்ந்தவன் நான். எனக்கு ரெண்டு பேத்தி இருக்குடி!" அவர் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு இறக்கியிருப்பேனே! நேத்து என் வீட்டுல வந்து கையை முத்தம் குடுத்து வாங்கிக்கிட்டுப் போனியே ஒரு மன்னிப்பு. அதைத் திரும்ப எடுத்துக்கிறேன். கேட்டுச்சா? திரும்ப எடுத்துக்கிட்டேன்."

இங்கே யாரும் அப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. மன்னிப்பு ஞாயிற்றுக்கிழமை கொடுத்ததைத் திங்கட்கிழமை பிடுங்குகிற கூம் எந்த ஊரிலும் இல்லை. நெவேனா சுவரைப் பிடித்துக்கொண்டு, "சரி கூமே" என்றாள். வேறு என்ன சொல்வாள்? கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. அவரைத் தாண்டிப் படியில் கால் வைக்கப் போனாள்.

"நில்லு."

நின்றாள்.

"படி தெரியுதா உனக்கு?"

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணீரில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

"தெரியலை."

ஸ்தோயில் ஒரு ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் கையை இழுத்துத் தன் முழங்கையில் மாட்டினார். கையை இறுக்கிப் பிடித்திருந்தார், வலிக்கிற அளவுக்கு.

"நான் உன்கூடப் பேசலை. இறங்கு" என்றார். "இது ஒரு படி. இன்னொண்ணு. மெதுவா. இன்னும் ஒண்ணு இருக்கு."